அந்தப் பச்சைச் சொட்டு என்னுடையது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏமாந்துவிட்டோம் என்று பிறகு சொல்லக் கூடாது. மின்சாரக் கார் எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை.

முப்பத்தைந்து வருடம் பெட்ரோலோடும் டீசலோடும் குடித்தனம் நடத்தினேன். கடைசி மூன்று வருடம் மின்சாரக் காரோடு மல்லுக்கட்டினேன். போன வருடம் பொம்மனஹள்ளியில் இருந்த என் ஒர்க்ஷாப் ஷெட்டின் சாவியைச் சங்கத்துக்காரர்களான உங்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது மெக்கானிக் சங்கத்து மலருக்கு, புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும்படி அனுபவம் எழுதச் சொல்கிறீர்கள். மின்சாரக் கார் விஷயத்தில் என் அனுபவம் பெரும்பாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதுதான். அதை வேண்டுமானால் எழுதுகிறேன்.

என் அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் தங்கம் தோண்டினார். நான் பெங்களூருக்கு வந்து பானெட்டுக்கடியில் அழுக்கைத் தோண்டினேன். என் பெரிய கருவி ஒரு நீள ஸ்க்ரூடிரைவர். முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் எந்த இடத்தில் வியாதி என்று சொல்லிவிடுவேன். கஸ்டமர்கள் என்னை டாக்டர் என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

ஷெட்டுக்கு வந்த முதல் மின்சாரக் காரிலும் அதையே செய்தேன். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர், "ஸ்டார்ட்லதான் சார் இருக்கு" என்றார்.

அதற்கப்புறம்தான் புத்தி வந்து ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போனேன். மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறக் கம்பியைத் தொடாதே. தொட்டே ஆக வேண்டுமென்றால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பிளக்கைப் பிடுங்கி, நேரம் கொடுத்துக் காத்திருந்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தொடு. அப்போதும் பக்கத்தில் ஒரு ஆள் காய்ந்த மரக்கொம்போடு நிற்கட்டும், நீ ஒட்டிக்கொண்டால் இழுத்துவிட. இதெல்லாம் மத்தியானம் வரை. பிறகு பிரியாணி போட்டார்கள். பிரியாணிக்குப் பிறகு நடந்த பாடத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தூங்குகிறவனுக்கு எங்கே சந்தேகம் வரும்? சாயங்காலம் எழுப்பி சான்றிதழ் கொடுத்தார்கள். அதை லாமினேட் செய்து ஷெட்டில் மாட்டினேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சான்றிதழைப் பார்த்துதான் ஜெயந்தி என்னை நம்பினாள்.

ஜெயந்தி தங்கவயல்காரப் பெண். எங்கள் தெருவுக்குப் பின்தெரு. பொம்மனஹள்ளியில் குடியிருந்துகொண்டு, பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கி அவளே ஓட்டினாள். வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸுக்குப் போகிற மூன்று பெரியவர்களை ஆஸ்பத்திரியில் விட்டு, முடிந்ததும் கூட்டிவருவாள். மற்ற நேரத்தில் கிடைக்கிற சவாரி. அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் சேகர் பேரில்தான் லோன். அதனால் வண்டி அவளுடையது, பேச்சு அவனுடையது.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் ஓசூர் ரோட்டில் நல்ல மழை. அண்டர்பாஸில் முழங்கால் தண்ணீர். வண்டியில் இருந்த பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் நேரம் தப்பினால் அன்றைக்கு டயாலிசிஸ் மெஷின் கிடைக்காது. ஜெயந்தி மெதுவாக ஓட்டித் தாண்டிவிட்டாள். இரண்டு நாள் கழித்து கார் நகர மறுத்தது. திரையில் சிவப்பு எழுத்து.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் லாப்டாப்பை மாட்டினார்கள், அடியில் ஒட்டிய சேற்றைப் பார்த்தார்கள், ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். 'இன்சுலேஷன் பழுது. பேட்டரி பெட்டிக்குள் தண்ணீர். வாரன்டி செல்லாது. முழு பேட்டரியும் மாற்ற வேண்டும்.' அதற்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம்.

"பெட்டியைத் திறந்து பாத்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. கேட்டேன். 'சிஸ்டம் ஹேளுத்தே மேடம்'ன்றான். சிஸ்டம் சொல்லுதாம். எனக்கு ஒண்ணும் புரியல. எங்கண்ணன் வெள்ளிக்கிழமை வரான். வண்டி இப்படியே இருந்தா இருக்கிற நிலையில எவனுக்காவது தள்ளிடுவேன்னுட்டான். தண்ணியில விட்டது நான்தானே, என்ன பதில் சொல்ல?"

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவளிடம் நான் சொன்ன பதில், "டாக்டர்கிட்ட வந்துட்டல்ல, விடு."

இன்சுலேஷன் பழுது என்றால் இதுதான்: பெரிய மின்சாரம் ஓடுகிற பாகங்களில் எங்கேயோ ஓரிடத்தில் வண்டியின் உடம்புக்குக் கசிகிறது. கார் அதை மோப்பம் பிடித்து, யாரையும் அடித்துவிடக் கூடாதே என்று தானாகவே படுத்துக்கொள்கிறது. எங்கே கசிகிறது என்று மட்டும் சொல்லாது. கம்பெனியிடம் வயரிங் படம் கேட்டேன், வெளி ஆளுக்குக் கிடையாது என்றார்கள். என் ஸ்கேனரை மாட்டினேன். அது கொஞ்சம் யோசித்து, 'தெரியாத வாகனம்' என்று காட்டியது. என் கருத்தும் அதுவாகத்தான் இருந்தது.

பிரேசர் டவுனிலிருந்து பாஷா பாயை வரவழைத்தேன். ஆட்டோ எலெக்ட்ரீஷியன், என் வயசுதான், என்னைவிடப் பயந்தவர். கொடியில் துணி மாட்டுகிற கொம்பை அவர் கையில் கொடுத்து, நான் ஒட்டிக்கொண்டால் இழுக்கச் சொன்னேன்.

"நீ ஒட்டிக்கிட்டேன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"துள்ளுவேன் பாய்."

"அரே, நீ சும்மாவே துள்ளுவியே! தப்பா இழுத்துட்டா விலா எலும்பு போவும் உனக்கு."

என் கை ஊறிக்கொண்டிருந்தது. முதலில் கழற்று, அப்புறம் யோசி என்பதுதான் என் முப்பத்தைந்து வருடப் பழக்கம். பேட்டரி பெட்டியின் சீலை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். தாளிலும் பேட்டரி என்றுதானே போட்டிருக்கிறது? ஜெயந்தி வேறு, "திறந்தா சரியாயிடுமாண்ணா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். 'ஆயிடும்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நக்கோ, வேணாம்" என்றார் பாஷா பாய், கொம்பைக் குறுக்கே நீட்டி. "சீல் போச்சுன்னா கம்பெனிக்காரன் ஜென்மத்துக்கும் தொட மாட்டான். உள்ள தண்ணி இல்லேன்னா, நீதான் ஊத்துனேன்னு சொல்லுவான். வெளியில இருக்கிறத எல்லாம் முதல்ல பாரு மியா. பெட்டி எங்க ஓடிப் போவுது?"

அவர் சொன்னது பயத்தில். ஆனால் அன்றைக்கு ஷெட்டில் இருந்த ஒரே சரியான யோசனை அதுதான். எனக்குத் தைரியம் நிறைய, அவருக்குப் பயம் நிறைய. புதிதாக ஆள் சேர்க்கும்போது பயந்த ஆளாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் வீட்டு வயரிங் பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் மெக்கர் மீட்டர் ஒன்றை பாஷா பாய் இரவல் வாங்கி வந்தார். கசிவை அளக்கிற பெட்டி. பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, ஆரஞ்சுக் கம்பி போகிற ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பிரித்து அளந்தோம். சார்ஜ் போடுகிற பக்கம் சுத்தம். மோட்டார் பக்கம் சுத்தம். தாளில் எமனாக இருந்த பேட்டரி பக்கம்கூட சுத்தம். ஏசி கம்ப்ரெஸரில் வைத்ததும் முள் விழுந்து படுத்துக்கொண்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்ரெஸர் உயரத்தில் இருக்கிறது, மூடி இறுக்கமாக இருக்கிறது. அண்டர்பாஸ் தண்ணீர் அங்கே எப்படி ஏறும்? ஏசி காஸை எடுத்துவிட்டு, குழாயைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இன்னொன்று என் கையுறையில். பச்சை நிறம். கிளிப் பச்சை.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும். கசிவு கண்டுபிடிக்க வசதியாகப் பச்சைச் சாயம் கலந்து வருகிற கம்ப்ரெஸர் ஆயில் அது. டப்பா என் அலமாரியில்தான் இருக்கிறது. ஏசி காஸ் போட வருகிற எல்லா வண்டிக்கும் அதைத்தான் ஊற்றுவேன். ஏப்ரல் வெயிலில் இதே காருக்கு, இதே இடத்தில் நின்று, "காஸ் ஃபுல், ஆயிலும் போட்டிருக்கேன், ஐஸ் மாதிரி இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பியவன் நான்.

பெட்ரோல் காரில் கம்ப்ரெஸரைச் சுற்றுவது எஞ்சினில் மாட்டிய பெல்ட். இதில் கம்ப்ரெஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது, ஆயில் அந்த மோட்டார் சுருள்களை நனைத்துக்கொண்டே ஓடுகிறது. என் பச்சை ஆயில் மின்சாரத்தைக் கடத்தும். அதற்கென்றே கடத்தாத ஆயில் தனியாக இருக்கிறது. இதைப் பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். ஏசி பாடம் பிரியாணிக்குப் பிறகு.

"என்னண்ணா இது, பச்சையா?" ஜெயந்தி குனிந்து பார்த்தாள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், நம் தொழிலில் ஆபத்தான நொடி அதுதான். ஷாக் எல்லாம் பிறகு. கஸ்டமர் பக்கத்தில் நிற்கிறார், தப்பு தரையில் கிடக்கிறது, அது யாருடையது என்று உங்களுக்கு மட்டும் தெரிகிறது.

"பாசிம்மா" என்றேன். "தண்ணி போனா பாசி பிடிக்கும்ல?"

என் வாயிலிருந்து தமாஷாக வந்துவிட்டது. அவள் சிரிப்பாள், நானும் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேனா, இல்லையா என்று இப்போதும் எனக்கே தெளிவாக இல்லை. அவள் சிரிக்கவில்லை. நம்பிவிட்டாள். "அப்போ நான் தண்ணியில விட்டதாலதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாஷா பாய் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நாற்பது வருடப் பழக்கத்தில் தனியாக அவர் டீ குடித்தது அன்றுதான்.

வியாழக்கிழமை முழுக்க எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரனே தண்ணீர் என்று எழுதிவிட்டான். நான் கம்ப்ரெஸரை மாற்றிக் கொடுத்துவிட்டால் கார் ஓடும். யார் தப்பு என்று எதற்குக் கிளற வேண்டும்? நான் வைத்துக்கொண்டிருந்த நியாயம் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை வரைக்கும் தாங்கியது.

பத்தரைக்குச் சேகர் ஒரு லாரியோடு வந்து இறங்கினான். அத்திபெலேயில் ஒருவர் வண்டியை இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிறாராம், ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறான்.

"சேகர், இன்னும் ஒரு வாரம் டைம் குடு. கம்ப்ரெஸர்தான் போயிருக்கு, மாத்திடலாம்" என்றேன்.

"வேணாம் சார். இன்னைக்கு நீங்க மாத்துவீங்க. நாளைக்கு மழை பேயும். இவ மறுபடியும் கொண்டுபோய் தண்ணியில விடுவா." தங்கை பக்கம் திரும்பினான். "தண்ணியில ஓட்டுறதுக்கு இதென்ன கப்பலாடி? உனக்கு வண்டி ஓட்டத் தெரியும்னு நம்பிக் கையெழுத்து போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். போதும், வீட்ல இரு."

ஜெயந்தி பின்கதவைத் திறந்து அவளுடைய சாமான்களை எடுக்க ஆரம்பித்தாள். தண்ணீர் பாட்டில், துண்டு. பிறகு மூன்று சின்னத் தலையணைகள், வெவ்வேறு உறை போட்டது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஊசி குத்திய கையை அதன்மேல் வைத்துக்கொள்வார்கள். குலுங்கினால் வலிக்குமாம். மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணனிடம் சாவியை நீட்டினாள்.

"சேகர்" என்றேன். "தண்ணி இல்ல. நான்."

"என்ன சார்?"

"வண்டியைக் கெடுத்தது நான். ஏப்ரல்ல தப்பான ஆயில் ஊத்திட்டேன். அதான் லீக். அவ தண்ணியில விட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்? சட்டையைப் பிடிப்பான் என்றுதானே? நானும் அதற்குத் தயாராகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அவன் என் தோளில் கை வைத்தான்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. நம்ம ஊர்க்காரப் பொண்ணாச்சேன்னு பழியை நீங்க ஏத்துக்கிறீங்க. ஆனா கம்பெனிக்காரன் பிரிண்ட் போட்டே குடுத்திருக்கான். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"நான் சொல்றேன்ல, என் தப்புன்னு!"

"நீங்க போய் தப்புப் பண்ணுவீங்களா சார்? சர்டிபிகேட்டெல்லாம் மாட்டியிருக்கீங்க."

இப்படி ஒரு சிக்கலை நான் பார்த்ததே இல்லை. வாழ்நாள் முழுக்க என்னைக் கெட்டிக்காரன் என்று நிரூபிக்கப் பாடுபட்டேன். முட்டாள் என்று நிரூபிக்க அதைவிடப் பாடுபட வேண்டியிருந்தது. பாஷா பாயைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் உற்சாகமாக, "ஆமா, இவன் பக்கா முட்டாள், நாப்பது வருஷமா தெரியும்" என்றார். சேகர் அதையும் நட்பு என்று எடுத்துக்கொண்டான்.

கடைசியில் அலமாரியிலிருந்து ஆயில் டப்பாவை எடுத்தேன். கம்பெனிக்காரன் கொடுத்த அதே தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் டப்பாவிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். பக்கத்தில் கம்ப்ரெஸர் குழாயிலிருந்து ஒரு சொட்டு. இரண்டும் ஒரே பச்சை. "அண்டர்பாஸ் தண்ணி இந்தக் கலர்லயா இருக்கும்?" என்றேன். பிறகு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த லேபிளைத் துணியால் துடைத்து, சேகரைப் படிக்கச் சொன்னேன். ஹார்டுவேர் கடைக்காரன், லேபிள் படித்தே பழகியவன். உரக்கப் படித்தான். எந்த ஆயில் ஊற்ற வேண்டும், வேறு ஆயில் ஊற்றினால் என்ன ஆகும் என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் மின்னல் படமும் போட்டிருந்தது.

"இதுல எழுதியே இருக்கே சார்!"

"இருக்கு."

"படிக்கலையா?"

"முப்பத்தஞ்சு வருஷமா படிச்சதில்ல சேகர்."

அவன் டப்பாவைப் பார்த்தான், லேபிளைப் பார்த்தான், முகம் மாறியது. "யோவ்!" என்றான். "அறிவிருக்காய்யா உனக்கு?"

சார் போய் யோவ் வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

அவன் கத்தியதெல்லாம் இங்கே எழுத மாட்டேன், மலரைக் குடும்பத்தோடு படிப்பார்கள். அவன் முடிக்கும்வரை ஜெயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பாசின்னு சொன்னீங்களேண்ணா."

அதற்கு என்னிடம் தமாஷ் எதுவும் இல்லை. "ஆமாம்மா, சொன்னேன்" என்றேன்.

அவள் போய் மூன்று தலையணைகளையும் திரும்பப் பின்சீட்டில் வைத்தாள். "ஒரு வாரம். சரி பண்ணிக் குடுங்க" என்றாள், அண்ணனைக் கேட்காமலே. லாரி காலியாகத் திரும்பியது. அந்த ஒரு வாரம் என்னுடைய பழைய டீசல் காரில்தான் அவள் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். கார் ரொம்பக் குலுங்குகிறது என்று அந்தப் பெரியவர்களிடமும் திட்டு வாங்கினேன்.

புது கம்ப்ரெஸரைக் கம்பெனி எனக்கு விற்கவில்லை. அவர்கள் பதிவேட்டில் இருக்கிற ஒர்க்ஷாப்புக்குத்தான் தருவார்களாம். விபத்தில் முன்பக்கம் தப்பித்த இதே மாடல் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் கம்ப்ரெஸரைக் கழற்றிக்கொண்டு வந்தோம். என் பச்சை ஆயில் தங்கியிருந்த பாகங்களை மாற்றினோம், குழாய்களைக் கழுவினோம், சரியான ஆயிலை லேபிளைப் பார்த்துப் பார்த்து ஊற்றினோம். மெக்கர் முள் நிமிர்ந்து நின்றது. நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம். கார் நகரவில்லை. பழைய சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

அதை அழிக்கக் கம்பெனி லாப்டாப் வேண்டுமாம். சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாக, "ஹொரகடே ஓபன் மாடிதீரா சார், நாவு முட்டல்லா" என்றார். வெளியில் திறந்த வண்டி, நாங்கள் தொட மாட்டோம். இரண்டு நாள் அந்தக் காரை ஆன் செய்வதும் ஆஃப் செய்வதுமாக இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் டீயை வைத்துவிட்டு, சும்மா பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஏன் எரிந்தது? அதற்கு முன் ஏன் எரியவில்லை? நான்கு மாதம் என் ஆயிலைக் குடித்துவிட்டு சும்மா இருந்த கார், ஏன் மழைக்கு அப்புறமாகப் பார்த்துப் படுத்தது? பாஷா பாயிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, என்னிடம் ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒத்துவராது. விளக்கைப் பார்த்ததும் மகிழ்ச்சியில் துள்ளிவிட்டேன். பாஷா பாய் உடனே கொம்பை எடுத்து என்னை இழுத்துவிட்டார். விலா ஒரு வாரம் வலித்தது.

சாவியை வாங்கிக்கொண்டு ஜெயந்தி நேராக வண்டியில் ஏறிப் போய்விட்டாள். இனிமேல் வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நியாயம்தானே?

அடுத்த ஏப்ரலில் வெயில் கொளுத்துகிற ஒரு காலையில் அதே கார் ஷெட்டு வாசலில் நின்றது.

"ஏசி சரியா வரலண்ணா. காஸ் பாக்கணும்."

"வேற எங்கயும் போகலையாம்மா?"

"போனேன். ரெண்டு இடத்துல கேட்டேன். ரெண்டு பேருமே 'எங்ககிட்ட தப்பே நடக்காது மேடம்'னாங்க." சாவியை என் கையில் போட்டாள். "பயந்து வந்துட்டேன்."

சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினேன். அவள் பானெட்டை அவளே திறந்து, லேபிள் மேல் இருந்த தூசியைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சத்தமா படிங்க" என்றாள்.

படித்தேன்.